சோர்க்காவின் இடது முன்குளம்பு

பாலிடெரி,
கில்டேர், அயர்லாந்து
14 ஏப்ரல் 1986

அன்புள்ள மலக்கி,

இங்கே எல்லோரும் சுகம், சோர்க்காவைத் தவிர. நீயும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்திலிருந்து கெட்ட சேதி வந்தால் எனக்கு முன்னால் தபால் நிலையத்து அட்ராக்டாவுக்குத் தெரிந்துவிடும். அவள் இதுவரை என்னைப் பார்த்து உச்சுக் கொட்டவில்லை.

நம் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த குதிரைக்கு இந்த வயதில் பக்தி வந்துவிட்டது. போன வாரம் வேலியைத் தாண்டி, பங்குச் சாமியார் வீட்டுப் புல்வெளிக்குள் போய்விட்டாள். ஊர் நன்கொடையில் உரம் போட்டு வளர்த்த புல். "உன் குதிரை நல்ல கத்தோலிக்கக் குதிரைம்மா. மத்த புல்லையெல்லாம் விட்டுட்டு நேரா இங்க வந்திருக்கு பாரு," என்றார் சாமியார். ஏப்ரல் மாதத்துக் கொழுத்த புல்லை அவ்வளவு தின்றால் குதிரையின் குளம்பு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து இடது முன்காலை ஊன்ற மாட்டேன் என்றாள். குளம்பைத் தொட்டால் சுடுகிறது.

டெவேன் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். உள்ளே எலும்பு குளம்புச் சுவரின் பிடியை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறது. "இன்னும் கொஞ்சம் எறங்குச்சுன்னா உள்ளங்கால் வழியா வெளிய வந்துடும். நான் என்ன சொல்ல வர்றேன்னு புரியுதில்ல, டிம்ப்னா?" என்றார். புரிந்தது. துப்பாக்கி வண்டியில்தான் இருக்கிறது என்பதை இதைவிட நாகரிகமாக யாராலும் சொல்ல முடியாது. மாதக் கடைசி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நல்ல குளம்புக்கு லாடம் அடிக்க எனக்குத் தெரியும். அது செருப்பு மாதிரி. குளம்பு தேயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கெட்டுப்போன குளம்புக்கு அப்படி இல்லை. குளம்பு செய்ய முடியாத வேலையையும் லாடமே செய்ய வேண்டும். அதைத்தானே நீ அந்தக் கல்லூரிப் பட்டறையில் வரைந்து வரைந்து செய்துகொண்டிருக்கிறாய்? குளம்பின் அளவைக் காகிதத்தில் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். எக்ஸ்ரேயும் இருக்கிறது. ஒன்று செய்து அனுப்பு.

பட்டறை நன்றாக ஓடுகிறது. அப்பாவுக்குப் பிறகு, ஊரைப் பொறுத்தவரை ஃபின்டன் சித்தப்பாதான் லாடக்காரர். நான் குனிந்து ஆணி அடிக்கிறேன். அவர் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு மழை வருமா வராதா என்று பேசுகிறார். முடிந்ததும் பந்தயக் குதிரைக்காரர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க கை கைதான், ஃபின்டன்" என்கிறார்கள். "ஏதோ ஆண்டவன் குடுத்தது" என்கிறார் அவர், கண் இமைக்காமல்.

ஆறு மாதப் பயிற்சி என்று போனாய். இது மூன்றாவது வசந்தம். போன வருஷம் நாடு முழுக்க மாதா சிலைகள்கூட அசைந்ததாகச் சொன்னார்கள்; நீ அசையவில்லை. குறையாகச் சொல்லவில்லை, சேதியாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
டிம்ப்னா


நியூமார்க்கெட், இங்கிலாந்து
20 ஏப்ரல் 1986

அன்புள்ள டிம்ப்னா,

உன் கடிதமும் படமும் எக்ஸ்ரேயும் வந்தன. படித்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. அது பெரிய தியாகம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமைகளில் இங்கே வேகவைத்த முட்டைக்கோசு.

லாடம் செய்துவிட்டேன். தனிப் பொட்டலமாக வருகிறது. பிரித்ததும் நீ எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் முன்கூட்டியே விளக்கிவிடுகிறேன். எலும்பு இறங்குகிறது என்றால் அதைக் கீழிருந்து ஏதாவது தாங்க வேண்டும். உள்ளங்காலைத் தொட்டாலே வலி, அது உதவாது. தாங்கக்கூடியது குளம்பின் அடியில் நடுவே இருக்கிற முக்கோண மெத்தை ஒன்றுதான். நாம் அதைத் தவளை என்கிறோம். பேராசிரியரிடம் அதற்கு லத்தீன் பெயர் இருக்கிறது. ஆகவே லாடத்தின் இரண்டு முனைகளையும் பின்னால் சேர்த்து மூடி, அங்கிருந்து ஒரு நாக்கை முன்பக்கமாக நீட்டித் தவளையின் மேல் படிய வைக்கிறோம். அப்படிச் செய்தால் பார்வைக்கு அது இதயம் மாதிரி இருக்கும். இங்கே பெயரே இதய லாடம். பெயர் நான் வைத்ததல்ல. இது முழுக்க முழுக்கப் பாரம் தாங்கும் கணக்கு.

நாக்கு அழுத்தவும் கூடாது, தொடாமல் இருக்கவும் கூடாது. கட்டைவிரலால் தவளையை மெல்ல அழுத்திப் பார். அவள் முகம் மாறுவதற்குச் சற்று முன்னால் எந்த அளவில் நிறுத்துகிறாயோ, அதுதான் நாக்கின் அளவு.

நான் வெள்ளைக் கோட்டு போட்டு வேலை செய்கிறேன். பேராசிரியர் பாகைமானியை வைத்துக் குளம்பின் சாய்வை அளந்துவிட்டு, "உங்க அபிப்பிராயம் என்ன, மிஸ்டர் டூஹி?" என்று கேட்பார். நல்ல மனிதர். பதிலை எழுதிக்கூட வைத்துக்கொள்கிறார். உங்கள் அப்பா பட்டறையில் நான் இருந்த பதினோரு வருஷத்தில் வாசலில் வந்து நின்றவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "டிம்ப்னா இல்லியா?" அதற்குப் பதில் சொல்லி எனக்கு அலுக்கவில்லை என்று எழுதினால், பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஃபின்டன் சித்தப்பாவின் கைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மலக்கி டூஹி


பாலிடெரி
30 ஏப்ரல் 1986

அன்புள்ள மிஸ்டர் டூஹி,

முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டது உதவியாக இருந்தது. இல்லையென்றால் எந்த மலக்கி என்று குழம்பியிருப்பேன்.

பொட்டலம் வந்தது. சுங்கச் சீட்டில் நீ ‘இரும்பு இதய லாடம்’ என்று எழுதியிருந்திருக்கிறாய். வழியில் மழை பட்டுக் கடைசிச் சொல் கரைந்துவிட்டது. அட்ராக்டா தபால் நிலையத்தில் வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்: "இரும்பு இதயம், ஒண்ணு. மதிப்பு: ஒண்ணுமில்ல." பிறகு நிமிர்ந்து, "டிம்ப்னா, உன் வீட்டுக்காரன் நெஞ்சையே கழட்டி அனுப்பிட்டான்டி!" என்றாள். எனக்குப் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டையோடு நின்றவர், "அப்ப அவன் அங்க எதை வெச்சுக்கிட்டு இருக்கானாம்?" என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

லாடம் மிக அழகு. இரும்பை இவ்வளவு சுத்தமாக நீ இங்கே அடித்ததில்லை. ஆனால் அது சோர்க்காவின் காலுக்குச் சேரவில்லை. வெளி விளிம்பு எங்கே வளைந்து போக வேண்டுமோ அங்கே நேராக வருகிறது. உள் விளிம்பு நேராக இருக்க வேண்டிய இடத்தில் வளைகிறது. கண்ணாடியில் பார்த்த இடது கால். "வலது காலுக்காவது மாட்டு, வீணாப் போகாம" என்றார் சித்தப்பா. அவளுடைய வலது குளம்பு ஒடுக்கம் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தலைப்பக்கம் மட்டும்தான் பழக்கம்.

உன் லாடத்தையும் என் படத்தையும் பக்கத்தில் வைத்து யோசித்தேன். உங்கள் கல்லூரியில் குதிரையைக் காகிதத்தின் மேல் நிற்க வைத்துச் சுற்றிக் கோடு போடுவார்கள் போலிருக்கிறது. அது மேலிருந்து பார்த்த குளம்பு. இங்கே நாம் காலைத் தூக்கி மடியில் வைத்து, அடிப்பக்கத்தின் மேல் காகிதத்தைப் போட்டு வரைவோம். அது கீழிருந்து பார்த்த குளம்பு. நான் நம் வழக்கப்படி வரைந்தேன். நீ உங்கள் வழக்கப்படி படித்திருக்கிறாய்.

அன்று முழுக்க உன் லாடத்தைப் பார்த்துப் பார்த்து நானே ஒன்று அடித்தேன். நாக்கு கனமாகிவிட்டது, பூட்டியதும் காலைத் தூக்கிக்கொண்டாள். கழற்றி இழைத்து மறுபடி பூட்டினேன். இந்த முறை ஊன்றினாள். நடக்கவில்லை, ஊன்றினாள். டெவேன் வந்து பார்த்துவிட்டு, "சரி, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆகவே லாடம் தப்பாக வந்ததில் எனக்கு வருத்தமில்லை, மலக்கி. இரும்புதானே, காய்ச்சி அடித்தால் திரும்பும். பதினோரு வருஷம் என் பக்கத்தில் குனிந்து நின்றவனுக்கு, நாம் எந்தப் பக்கத்திலிருந்து குளம்பைப் பார்ப்போம் என்பது மறந்துவிட்டது. அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பட்டறை நன்றாக ஓடுகிறது.

டிம்ப்னா


நியூமார்க்கெட்
8 மே 1986

அன்புள்ள டிம்ப்னா,

உன் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நாலைந்து நாளாகத் திரிகிறேன். படத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் உன் கட்டைவிரலின் கரி இருக்கிறது. காலை மடியில் வைத்துக்கொண்டு வரைந்தால்தான் அந்த இடத்தில் கட்டைவிரல் படும். அதைப் பார்த்திருந்தாலே போதும். நான் கோட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

சாக்குச் சொல்லவில்லை, இங்கே என் வேலை என்னவென்று சொல்கிறேன். போன வருஷத்திலிருந்து என்னை ஆசிரியராக்கிவிட்டார்கள். மாணவர்களுக்கு நான் பிளாஸ்டர் குளம்புகளில் சொல்லிக்கொடுக்கிறேன். அவை மேசைமேல் நிற்கும். அவற்றை மேலிருந்துதான் பார்க்க முடியும். பிளாஸ்டர் குளம்பு உதைக்காது, பூட்ஸில் மூத்திரம் விடாது, குனிந்திருக்கும்போது என் சட்டைக் காலரைக் கடித்து இழுக்காது. ஒரு குதிரை சோம்பல்பட்டுத் தன் பாரம் முழுவதையும் என் முதுகில் சாய்த்து வெகுகாலம் ஆகிறது. அதற்காக ஏங்குவேன் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒன்று மறக்கவில்லை. மடியில் கால் இருக்கும்போது நீ திரும்பிப் பார்க்காமலேயே அரத்துக்குக் கை நீட்டுவாய். நான் வைப்பேன். வைப்பேனா என்று நீ ஒரு முறைகூடச் சந்தேகப்பட்டதில்லை. இங்கே யாராவது எதற்காவது கை நீட்டினால், "தயவுசெஞ்சு" என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டுகிறார்கள். என் உடம்பு அதற்கு முன்பே அசைந்துவிடுகிறது. மரியாதை தெரியாதவன் என்று நினைக்கிறார்கள்.

நம் நாட்டில் விவாகரத்தை அனுமதிக்கலாமா என்று ஜூன் மாதம் வாக்கெடுப்பு நடக்கப்போவதாக இங்கே செய்தித்தாளில் பார்த்தேன். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? நீ எப்படி வாக்களிப்பாய் என்று கேட்கவில்லை. சும்மா விசாரித்தேன்.

மலக்கி


பாலிடெரி
3 ஜூன் 1986

அன்புள்ள மலக்கி,

நீ சும்மா விசாரித்ததற்குப் பதில்.

ஊரில் வேறு பேச்சே இல்லை. கம்பத்துக்குக் கம்பம் பிரசாரத் தட்டி. கல்யாணமே செய்துகொள்ளாத ஃபின்டன் சித்தப்பா குடும்பத்தைக் காப்பாற்ற வீடு வீடாக ஏறி இறங்குகிறார். "பொம்பளைங்கள நடுத்தெருவுல விட்டுடுவானுங்க, டிம்ப்னா! நெலம் போயிடும், வீடு போயிடும்!" என்கிறார், நான் இரும்பு காய்ச்சிக்கொண்டிருக்கும்போது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சித்தப்பா, பொறி படும்" என்கிறேன். போன ஞாயிறு பூசையில் சாமியார் கல்யாணத்தின் புனிதத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். பேசும்போது யாரையும் பார்க்கக் கூடாது என்று கவனமாக இருந்தார். ஊரில் மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உனக்கு அது தேவைப்படுகிற மாதிரி அங்கே ஏதாவது இருந்தால் நேராக எழுதிவிடு. வெள்ளைக் கோட்டைத் துவைத்து மடித்துத் தருகிறவள் யாராவது இருந்தால், அவள் பெயரை எழுது. அட்ராக்டா வாயால் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

சோர்க்கா நாலு காலிலும் நிற்கிறாள். மணல் மெத்தையிலேயே வைத்திருக்கிறேன். முன்பக்கம் பிரிந்துபோன சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து எடுக்கிறேன். மேலே முடி முடியும் இடத்தில் புதுக் குளம்பு மெல்லிய கோடாக இறங்கி வருகிறது.

பட்டறை நன்றாக ஓடுகிறது.

டிம்ப்னா


நியூமார்க்கெட்
20 ஜூன் 1986

அன்புள்ள டிம்ப்னா,

வெள்ளைக் கோட்டைக் கல்லூரிச் சலவைக்காரர் துவைக்கிறார். பெயர் கிளிஃபர்ட். மீசை வைத்திருக்கிறார். பித்தான்களை உடைத்துத் தருவார். எங்களுக்குள் வேறொன்றும் இல்லை.

நான் கேட்டது பயத்தில். உனக்கு அது வேண்டியிருக்குமோ என்ற பயம். நீ ஒவ்வொரு கடிதத்திலும் பட்டறை நன்றாக ஓடுகிறது என்று எழுதுகிறாய். நான் புறப்பட்ட அன்றைக்கும் உலைக்கு முன்னால் நின்று அதைத்தான் சொன்னாய்: "போனா போ. பட்டறை ஓடும்." ஓடுகிறது. நான் செய்த லாடம் தப்பாகி நீ செய்தது சரியானதும் அது நிச்சயமாகிவிட்டது. நன்றாக ஓடுகிற பட்டறைக்குள் ஒருவன் திரும்பி வந்து எங்கே நிற்பான், டிம்ப்னா? தலைப்பக்கம் சித்தப்பா இருக்கிறார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லையாம். மனைவியை விட்டுக் கடல் தாண்டி இருப்பவர்களிடம் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? எனக்கு வாக்கு இருந்தால் ‘வேண்டாம்’ என்று போட்டிருப்பேன். சாமியாருக்காக இல்லை. நீ என் மனைவி என்று எங்கோ ஓர் இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதை யாரும் அழிக்க முடியாது என்பதை வைத்துக்கொண்டுதான் இங்கே முட்டைக்கோசைத் தின்று காலம் தள்ளுகிறேன். கேவலமான காரணம்தான்.

பேராசிரியர் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்புகிறார். ஜூலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மலக்கி


பாலிடெரி
28 ஜூன் 1986

அன்புள்ள மலக்கி,

முடிவு தெரிந்திருக்கும். நீயும் நானும் கணவன் மனைவியாகவே இருக்க வேண்டும் என்று நாடு பெரும்பான்மையாகத் தீர்மானித்துவிட்டது. இத்தனை பேர் அக்கறை எடுத்துக்கொண்ட கல்யாணம் இந்த மாவட்டத்திலேயே இருக்காது. சித்தப்பா வெற்றிக் களிப்பில் விஸ்கி குடித்துவிட்டு, "ஒன்னக் காப்பாத்திட்டோம்மா!" என்று அழுதார். போர்வை போர்த்திவிட்டேன்.

உன் கடிதம் வாக்கெடுப்புக்கு முந்தின நாள் வந்தது. படித்துவிட்டுத்தான் வாக்குப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ‘வேண்டும்’ என்று போட்டேன். நம் ஊர்ப் பெட்டியில் அப்படி விழுந்த சில சீட்டுகளில் ஒன்று என்னுடையது. யாருடையவை என்று அட்ராக்டா ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள்.

கோபிக்காமல் மீதியையும் படி. உன்னை விட்டுவிட அல்ல. கதவு திறந்திருக்கும்போது நீ உள்ளே வந்தால், வர விரும்பி வந்தாய் என்று எனக்குத் தெரியும். இப்போது பூட்டிவிட்டார்கள். இனி நீ வந்தால், என்னிடம் வந்தாயா, வேறு வழி இல்லை என்று வந்தாயா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? வாழ்நாள் முழுக்க உன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதுதான்.

பட்டறையைப் பற்றி. அது ஓடுவது உண்மை. நீ போகும்போது அதைச் சொன்னேன். சொன்னதை மெய்யாக்க வேண்டும் என்று ஓட வைத்தேன். அதை எழுத எழுத, உனக்குக் கோபம் வந்து நேரில் சண்டை போடவாவது புறப்பட்டு வருவாய் என்று நினைத்தேன். நீ வாழ்த்து என்று எடுத்துக்கொண்டாய். நானும் அரத்துக்குக் கை நீட்டுகிறேன். காற்றுதான் இருக்கிறது. பிறகு எழுந்து போய் எடுத்துக்கொள்கிறேன். குதிரை அதற்குள் காலை இறக்கிவிடுகிறது. மறுபடி தூக்க வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் இது நடக்கிறது, மலக்கி. எல்லாக் குதிரைக்கும்.

சோர்க்கா நேற்றுத் தானாகவே தண்ணீர்த் தொட்டி வரை நடந்துபோய்க் குடித்துவிட்டு வந்தாள். நொண்டல் இருக்கிறது. டெவேன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே அவளைச் சாக்கு வைத்து நீ வர வேண்டியதில்லை. வேறு சாக்கும் என்னிடம் இல்லை.

வேலையை ஒப்புக்கொள்வது உன் இஷ்டம்.

உன்
டிம்ப்னா


நியூமார்க்கெட்
3 ஜூலை 1986

என் அன்பு டிம்ப்னா,

சட்டத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு நாள் யோசித்தேன். நீ ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

சட்டம் நம்மைக் கணவன் மனைவி என்கிறது. ஒரே வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. ஒரே தீவில்கூட இருக்கச் சொல்லவில்லை. இங்கே நம் ஊர்க்காரர்களைப் போய்ப் பார். பர்மிங்காமில் ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷமாகக் கல்யாணமானவர், அதில் இருபத்தெட்டு வருஷம் இங்கே. ஞாயிறு பூசை தவற மாட்டார். மனைவியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டார். அவள் முகமும் அவருக்கு நினைவில்லை. அவரை எந்தச் சட்டமும் எதுவும் கேட்கவில்லை. நம் நாட்டில் விவாகரத்து எந்தக் காலத்திலும் உண்டு, டிம்ப்னா. அதற்குப் பெயர் கப்பல். ராத்திரி டன் லியரி துறைமுகத்தில் ஏறினால் காலையில் முடிந்துவிடும், வக்கீல்கூடத் தேவையில்லை. எனக்கு அது கிடைத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது.

ஆகவே கதவு பூட்டவில்லை. அந்தக் கப்பல் இந்தப் பக்கத்திலிருந்தும் புறப்படுகிறது. இத்தனை லட்சம் பேர் கூடி வாக்களித்தும் என்னை அதில் ஏற்ற முடியாது. ஏறினால் நானாகத்தான் ஏற வேண்டும்.

பேராசிரியரிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். "சம்பளம் போதலையா, மிஸ்டர் டூஹி?" என்றார். தாராளமாகப் போதும் என்றேன். "அப்புறம் என்ன?" வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். வழக்கம்போல எழுதி வைத்துக்கொள்ளக் குறிப்பேட்டைத் திறந்தார். என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடிவிட்டார். பிறகு கை கொடுத்தார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். துறைமுகத்துக்கு வராதே, சனிக்கிழமை பந்தயத்துக்குப் போகும் குதிரைகள் உன் பட்டறை வாசலில் வரிசையில் நிற்கும். பேருந்தில் இறங்கி நடந்து வந்துவிடுவேன். வழியில் ஊரே என்னை நிறுத்தி, "எத்தனை நாள் லீவு, மலக்கி?" என்று கேட்கும். அவர்கள் கேட்பதற்கு முன் உனக்குச் சொல்லிவிடுகிறேன். பெட்டி கட்டிவிட்டேன். கனமாக இருக்கிறது. ஜூலை மாதத்தில் குளிர்காலக் கோட்டையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

உன்
மலக்கி